சர்வேயரைக் கூப்பிடுவதற்கு முன்: வேலூர்ப் பக்கம் நிலம் அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியை வைத்துக்கொண்டு சுற்று வட்டாரத்தில் தனியாருக்கு நிலம் அளந்து கொடுக்கும் வேலை என்னுடையது. ஆரம்பத்தில் ஒரு பெரியவருக்கு அளவுச் சங்கிலி பிடித்தேன், இப்போது தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவியைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். போனில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

“லைசென்ஸ்டு சர்வேயர்” என்று போர்டு போட்டிருப்பவர்கள் எல்லாரும் நிலம் அளப்பவர்கள்தானா?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வேலூரில் அந்தப் போர்டைப் பார்த்து உள்ளே போனால் மூன்று விதமான ஆட்களில் ஒருவர் இருப்பார்.

முதல் வகை, வீட்டு வரைபடம் போடுகிறவர். மாநகராட்சியிலோ நகர் ஊரமைப்புத் துறையிலோ பதிவு செய்துகொண்டு, கட்டட அனுமதிக்கான பிளானில் கையெழுத்துப் போடும் உரிமை இவருக்கு உண்டு. நம் ஊரில் “சர்வேயர்” என்ற சொல் இவருக்கும் ஒட்டிக்கொண்டு பல காலம் ஆகிறது. மனையின் நாலு பக்கத்தையும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்வார். எல்லை எங்கே என்று சொல்வது இவர் வேலை அல்ல. நல்லவர்கள் அதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, நில அளவைத் துறையில் பயிற்சி முடித்து உரிமம் வாங்கியவர். அரசுச் சம்பளத்தில் இருப்பவர் இல்லை, ஆனால் ஒரு சர்வே எண்ணைப் பிரித்துத் தனி எண் கொடுக்கும் உட்பிரிவு வேலைகளைத் துறை ஒதுக்கினால் செய்வார். இவர் வரைந்து கொடுப்பதைத் துறை அதிகாரி பார்த்து ஒப்புதல் போட்ட பிறகுதான் அது பதிவேட்டில் ஏறும்.

மூன்றாவது என்னைப் போன்ற தனியார் ஆட்கள். கருவி இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. நாங்கள் கொடுக்கும் வரைபடம் உங்களுக்கு, உங்கள் இன்ஜினியருக்கு, பேச்சுவார்த்தைக்கு உதவும். அரசு ஆவணம் ஆகாது.

இவர்கள் மூவரையும் விட்டால் இன்னொருவர் இருக்கிறார்: தாலுகா அலுவலகத்து அரசு நில அளவர். பிர்க்கா சர்வேயர், தாலுகா சர்வேயர் என்று ஜனங்கள் சொல்வது அவரைத்தான். பக்கத்து நிலக்காரரோடு தகராறு வந்துவிட்டால் அவருடைய அளவுதான் எடுபடும். அதனால் போர்டைப் பார்த்ததும் கேட்க வேண்டியது “உரிமம் எதற்கு, யார் கொடுத்தது, இன்னும் நடப்பில் இருக்கிறதா?” என்பது. அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, என் வேலைக்கு யார் வேண்டும்?

வேலையைப் பொறுத்தது. பேரம் முடிவதற்கு முன்னால் நிலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தனியார் ஆள் போதும், சீக்கிரமும் ஆகும். ஒரு சர்வே எண்ணில் பாதியை வாங்கி உங்கள் பேரில் தனிப்பட்டா வேண்டுமென்றால் உட்பிரிவு செய்தாக வேண்டும், அது நில அளவைத் துறை வழியாகத்தான் நடக்கும். எல்லைத் தகராறு என்றால் நேராகத் தாலுகாவுக்கு மனு. வீடு கட்டப்போகிறீர்கள், எல்லையில் சண்டையும் இல்லை என்றால் பிளான் போடுகிறவரும் ஒரு தடவை எல்லைக் கல்லைச் சரிபார்த்துக் கொடுக்கும் தனியார் சர்வேயரும் போதும். மண்டபம், பெட்ரோல் பங்க், சின்ன மனைப்பிரிவு என்று போனால் மட்டம் எடுக்கும் சர்வேயும் சேர்த்துச் செய்யுங்கள். நம் பக்கம் மலையடிவார நிலங்கள் பார்வைக்குச் சமதளமாகத் தெரியும். மட்டம் எடுத்துப் பார்த்தால் ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் ஆள் உயரம் வித்தியாசம் வரும். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அப்போதுதான் தெரியும்.

எப்போது அளக்க வேண்டும்?

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் பத்திரப்பதிவு முடித்து, பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டு வருகிறார்கள். அந்த நேரத்தில் “ரெண்டடி குறையுது சார்” என்று நான் சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. விற்கிறவர் “அதெல்லாம் சரியா இருக்கும், எங்க தாத்தா காலத்து நிலம்” என்று சொன்னால், “அப்படின்னா அளந்தா உங்களுக்கும் நல்லதுதானே” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். அளக்க விடமாட்டேன் என்றால் அந்த நிலத்தை விட்டு நகர்ந்துவிடுவது மேல்.

என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும்?

பட்டா, ஒவ்வொரு சர்வே எண்ணின் வகைப்பாடும் பரப்பும் எழுதியிருக்கும் அ-பதிவேடு, அந்த எண்ணின் அளவு வரைபடமான புலப்படம் மூன்றையும் அரசு இ-சேவைத் தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். உங்கள் சர்வே எண்ணின் புலப்படம் மட்டும் போதாது, நாலு பக்கமும் ஒட்டியிருக்கும் சர்வே எண்களின் புலப்படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வரப்பு இரண்டு படங்களிலும் வரும், இரண்டிலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிக்கல் எங்கே என்பது வயலில் இறங்குவதற்கு முன்பே தெரிந்துபோகும்.

அப்புறம் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று. பாகப்பிரிவினை நடந்திருந்தால் அந்தப் பத்திரம் கண்டிப்பாக வேண்டும். அண்ணன் தம்பி பங்கு பிரித்துக்கொண்டதில் “கிழக்குப் பக்கம் பாதி” என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தப் பாதி எங்கே முடிகிறது என்று எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. குடும்பத்தார் உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும்.

பழைய பத்திரங்களில் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். “வடஆற்காடு மாவட்டம்” என்று இருக்கும். 1989-ல் அது வேலூர்ப் பக்கம், திருவண்ணாமலைப் பக்கம் என்று இரண்டானது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. வட்டங்களும் மாறியிருக்கின்றன. பத்திரத்தில் குடியாத்தம் வட்டம் என்று இருக்கும் கிராமம் இன்று பேரணாம்பட்டு வட்டத்தில் இருக்கலாம். இணையத்தில் தேடும்போது இன்றைய வட்டத்தில் தேடினால்தான் ஊர் கிடைக்கும். “இந்தச் சர்வே எண்ணே இல்லைன்னு வருது” என்று வரும் போன்களில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

புலப்படத்தைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. எப்படிப் படிப்பது?

முதலில் பார்க்கிறவர்களுக்குச் சிலந்தி வலை மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

வெளிக்கோடு உங்கள் சர்வே எண்ணின் எல்லை. அதற்கு வெளியே ஓரங்களில் எழுதியிருக்கும் எண்கள் பக்கத்துச் சர்வே எண்கள். உள்ளே 1, 2ஏ, 2பி என்று இருப்பவை உட்பிரிவுகள். மூலைகளில் கல் இருக்கும் இடத்துக்குக் குறி போட்டிருப்பார்கள். மூன்று புலங்கள் சந்திக்கிற இடம் முக்கூட்டு, அங்கே நடும் கல் முக்கியமானது. ஒரு முக்கூட்டுக் கல் பிழைத்திருந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

குறுக்கே ஒரு மூலைக் கல்லிலிருந்து இன்னொரு மூலைக் கல்லுக்குப் போகும் கோட்டை ஜி லைன் என்போம். அதன்மேல் வரிசையாக ஓடும் எண்கள், தொடக்கக் கல்லிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சொல்லும். அந்தந்தத் தூரத்தில் செங்குத்தாக ஒரு குட்டிக் கோடு பிரியும். அதன்மேல் உள்ள எண், வரப்பு அங்கிருந்து எவ்வளவு தள்ளி வளைகிறது என்று சொல்லும். அந்தக் காலத்தில் கிராஸ் ஸ்டாஃப் என்ற மரக்கட்டையை நட்டு, அதன் பிளவு வழியாகக் கண் வைத்துப் பார்த்து இந்தச் செங்குத்தைப் பிடித்தார்கள். நான் சங்கிலி பிடித்த பெரியவர் கட்டை இல்லாவிட்டாலும் இரண்டு கையையும் விரித்து நின்றே செங்குத்துப் பிடித்துவிடுவார். பிறகு நாங்கள் கருவி வைத்துச் சரிபார்த்தால் ஒரு சாண்கூட விலகியிருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள். இப்போதைய புலப்படங்களில் அளவு மீட்டரில் இருக்கும், மிகப் பழைய படங்களில் லிங்க் கணக்கில் இருக்கும். 100 லிங்க் சேர்ந்தது ஒரு சங்கிலி, 66 அடி. மீட்டர் என்று நினைத்து லிங்கைப் படித்தால் உங்கள் நிலம் கடல் மாதிரி விரிந்துவிடும். இன்னொன்று, பிரவுசிங் சென்டரில் பிரின்ட் போட்ட தாளின்மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். தாளுக்கு ஏற்றபடி படம் சுருங்கியோ விரிந்தோ வந்திருக்கும். எழுதியிருக்கும் எண்களை மட்டும் நம்புங்கள்.

பத்திரத்தில் ஆறேகால் சென்ட், பட்டாவில் 0.02.50 என்று இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. 0.02.50 என்றால் ஹெக்டேர் பூஜ்யம், 2.50 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக 250 சதுர மீட்டர், சதுர அடியில் 2,691. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது 6.18 சென்ட் வரும். உங்கள் ஆறேகால் சென்ட் 2,722 சதுர அடி. வித்தியாசம் முப்பது சதுர அடி சொச்சம்.

1979-லிருந்து 1987 வரை யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது கணக்கெல்லாம் ஹெக்டேருக்கு மாறியது. கிராமப்புறப் பட்டாக்களில் பரப்பைப் பெரும்பாலும் அரை ஏர் கணக்கில் முழுசாக்கி எழுதியிருப்பார்கள். அதனால் இவ்வளவு சின்ன வித்தியாசம் சகஜம். ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் என்று குறைந்தால்தான் யோசிக்க வேண்டும்.

தாத்தா காலத்துப் பத்திரத்தில் காணி, குழி என்று இருக்கிறதே?

நம் பக்கத்துக் காணி 100 குழி, குழி 24 அடிக்கு 24 அடி. அதாவது 57,600 சதுர அடி, ஒரு ஏக்கர் 32 சென்ட். தஞ்சாவூர்ப் பக்கம் குழியின் அளவே வேறு, அதனால் இணையத்தில் கிடைக்கும் கணக்கை அப்படியே போடாதீர்கள். “கிழமேல் ஜாதியடி 30, தென்வடல் ஜாதியடி 40” என்று வந்தால் குழம்ப வேண்டாம், நாம் அளக்கும் அதே அடிதான்.

அரசு நில அளவருக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பொதுச் சேவை மையத்திலோ இணையத்திலோ, எல்லை அளக்க வேண்டும் என்று விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். உட்பிரிவு என்றால் அதற்கு வேறு விண்ணப்பம். பத்திரம் பதியும்போதே அதுவும் போய்ச் சேர்ந்துவிடுவது உண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் செல்போன் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். புரோக்கர் நம்பரைப் போட்டுவிட்டு, “எனக்குத் தகவலே வரலை” என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரசீதுக்கு மேல் யாராவது கேட்டால்? லஞ்ச ஒழிப்புத் துறை மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அளக்கும் நாளில் என்ன நடக்கும்? நான் என்ன செய்ய வேண்டும்?

முந்தின நாளே எல்லையோரப் புதரை வெட்டி வையுங்கள். சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்தால் கல்லும் தெரியாது, கருவிக்குப் பார்வையும் கிடைக்காது. கடப்பாரை, மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள், நடுவதற்குக் கல், சிவப்புப் பெயின்ட். பக்கத்து நிலக்காரர்களுக்கு முறைப்படி அறிவிப்புப் போகும், ஆனாலும் நீங்களும் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நோட்டீஸ் மட்டும் போனால் சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைப்பார்கள். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் பதினொரு மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் காற்றில், கருவிக்கு எதிரே குறியாகப் பிடிக்கும் பிரிசமே ஆடுவது போலத் தெரியும். சங்கிலியை விட்டுக் கருவிக்கு மாறினாலும் வேலூர் வெயிலிடம் தப்பிக்க முடியவில்லை.

அளப்பது உங்கள் நிலத்தின் மூலையில் தொடங்காது. நல்ல சர்வேயர் முதலில் சுற்றுப்புறத்தில் பிழைத்திருக்கும் பழைய கற்களைத் தேடுவார். இரண்டு மூன்று கிடைத்ததும் அவற்றுக்கு இடையிலான தூரத்தை அளந்து, புலப்படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போன பிறகுதான் உங்கள் மூலைக்கு வருவார். ஆளைத் தேர்ந்தெடுக்க இதையே ஒரு பரீட்சையாக வைத்துக்கொள்ளலாம். “எந்தக் கல்லிலிருந்து ஆரம்பிப்பீங்க?” என்று கேளுங்கள். “காம்பவுண்டு சுவர் இருக்கே, அதுலேர்ந்து அளந்துடலாம்” என்கிறவர் வேண்டாம்.

நானே அப்படி ஒரு தப்பு பண்ணியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், குடியாத்தம் பக்கம் ஒரு மனை. பக்கத்து மதில் பழையது, நேராக இருந்தது, அதையே எல்லையாக வைத்து அளந்து கொடுத்துவிட்டேன். பில்லருக்குக் குழி எடுத்த பிறகு அடுத்த மனைக்காரர் தாலுகா சர்வேயரோடு வந்தார். மதிலே இரண்டடி தள்ளித்தான் கட்டியிருந்தார்கள். நாலு குழியை மூடிவிட்டு நாலு குழி புதிதாக எடுத்தோம். வாங்கின கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், குழி எடுத்த கூலியில் பாதியையும் கொடுத்தேன். அன்றிலிருந்து மதிலை நம்புவதில்லை.

எங்கள் நிலத்தில் கல்லே இல்லை. என்ன செய்வது?

நிறைய இடங்களில் கல் இருக்கிறது, அதன் இடத்தில்தான் இல்லை. லத்தேரிப் பக்கம் ஒரு தோப்பில் காலையிலிருந்து தென்மேற்கு மூலைக் கல்லைத் தேடினோம். வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் குடிக்கலாம் என்று கிணற்றடிக்குப் போனால், அங்கே ஒரு பாட்டி துணி துவைத்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல்லைப் பார்த்தேன். நாலு பக்கமும் உளி போட்ட கருங்கல், ஒரு நுனியில் வெட்டின குறி. சோப்பு நுரைக்குள்ளேயும் தெரிந்தது. “ஆயா, இந்தக் கல்லு எங்கேர்ந்து வந்தது?” என்றேன். “இன்னாப்பா இப்படிக் கேக்கற, எங்க மாமியார் காலத்துலேர்ந்து இங்கதான் கெடக்குது” என்றார்.

அந்தக் கல்லால் எங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. இடம் பெயர்ந்த கல் சாட்சி சொல்லாது. வடக்கே இரண்டு கற்கள், ஓடையோரம் ஒன்று என்று மூன்றை வைத்துக் கணக்குப் போட்டுத் தென்மேற்கு மூலையைக் குறித்தோம். அந்த இடத்தைத் தோண்டியபோது இரண்டடி ஆழத்தில் பழைய கல்லின் குழி, கெட்டிப்படாத மண்ணாகத் தெரிந்தது.

உங்கள் நிலத்துக் கல்லைப் பாதுகாப்பது உங்கள் கடமை என்று 1923-ஆம் வருடத்து நில அளவை, எல்லைகள் சட்டமே சொல்கிறது. டிராக்டர் இடித்துச் சாய்ந்தால் அன்றைக்கே அங்கேயே நிமிர்த்தி நட்டுவிடலாம் என்று தோன்றும். அளவு இல்லாமல் நடாதீர்கள், நாளைக்கு நீங்கள்தான் நகர்த்தினீர்கள் என்று ஆகிவிடும்.

பக்கத்து நிலக்காரர் அளவை ஒப்புக்கொள்ளவில்லை.

தனியார் சர்வேயர் அளவு என்றால் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. தாலுகா சர்வேயர் அளந்தும் மறுத்தால், மேல்நிலையில் இருக்கும் நில அளவை அதிகாரியிடம் மறு அளவீடு கேட்கலாம். நில அளவை உதவி இயக்குநர் அலுவலகம் மாவட்டத்துக்கு ஒன்று உண்டு, மனு அங்கேயும் போகலாம். கிராமக் கணக்குகளைச் சரிபார்க்க வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சர்வேயர் கோடு எங்கே ஓடுகிறது என்று சொல்வார், நிலம் யாருடையது என்று சொல்லமாட்டார். பக்கத்து நிலக்காரர் இருபது வருடமாக உங்கள் பக்கத்து இரண்டடியில் தென்னை வைத்து அனுபவித்து வருகிறார் என்றால் விஷயம் சிவில் கோர்ட்டுக்குப் போகும். தனியார் நிலத்தில் பன்னிரண்டு வருட அனுபவத்தைக் காட்டி உரிமை கேட்க வழி இருக்கிறது. கோர்ட் தேவைப்பட்டால் வழக்கறிஞர் ஒருவரை ஆணையராகப் போட்டு, அரசு நில அளவரோடு வந்து அளந்து அறிக்கை கொடுக்கச் சொல்லும். அதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் அந்த இரண்டடியின் விலையோடு வைத்துப் பாருங்கள். ஊர்ப் பெரியவரை நடுவில் வைத்து முடித்துக்கொண்டவர்கள் நஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

அளந்தால் பத்திரத்தைவிடக் குறைகிறது. யாரைக் கேட்பது?

முதலில் நாலு எல்லையைப் பாருங்கள். பத்திரத்தில் சக்குபந்தி என்று எழுதியிருப்பார்களே, அது. எல்லைகள் தெளிவாக இருந்து பரப்பு மட்டும் முன்பின்னாக இருந்தால், பொதுவாக எல்லையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள். புலப்படமே தப்பாக இருந்தால், அதாவது யு.டி.ஆரில் உங்கள் பங்கு பக்கத்து எண்ணில் ஏறிவிட்டிருந்தால், பழைய பதிவேட்டு நகல்களோடு வருவாய்த் துறையிடம் திருத்தம் கேட்க வேண்டும். அதை வேலூர்ப் பக்கம் நிறையப் பேர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும்.

எங்களுடையது கிராம நத்தம்.

நத்தம் என்பது ஊர்க் குடியிருப்பு நிலம், அதற்குத் தனிக் கணக்கு. தற்காலிகமான தோராயப் பட்டா, இறுதியான தூய பட்டா என்று இரண்டு உண்டு, கையில் எது இருக்கிறது என்று பாருங்கள். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருப்பதால் கல்லைத் தேடுவதைவிட, யார் வீட்டுத் தாழ்வாரத் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதில்தான் சண்டை. அளப்பதற்கு முன்னால் பேசிவிடுங்கள்.

மாநகராட்சிக்குள் இருக்கிறோம். அதே முறைதானா?

கிட்டத்தட்ட. ஆனால் அங்கே சர்வே எண்ணுக்குப் பதில் வார்டு, பிளாக், நகர அளவை எண். சத்துவாச்சாரி, தாராபடவேடு மாதிரிப் பின்னால் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் பத்திரம் பழைய கிராம எண்ணில் இருக்கும். பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்ற ஒப்பீட்டை வாங்கிக்கொண்டுதான் அளக்க வர வேண்டும்.

மனைப்பிரிவில் பிளாட் வாங்குகிறேன். அதற்கும் சர்வேயரா? அதான் மஞ்சள் கல் நட்டிருக்கிறார்களே.

மஞ்சள் கல் புரமோட்டர் நட்டது, அரசு நட்டது அல்ல. மனைப்பிரிவில் நான் அடிக்கடி பார்ப்பது கடைசி பிளாட் பிரச்சினை. முதல் பிளாட்டிலிருந்து 30 அடி, 30 அடி என்று கயிறு பிடித்துப் போவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் கூடினால், பன்னிரண்டாவது பிளாட்டில் கிட்டத்தட்ட இரண்டடி காணாமல் போயிருக்கும். அதனால் மூலை பிளாட்டோ வரிசையின் கடைசி பிளாட்டோ வாங்கினால் உங்கள் பிளாட்டை மட்டும் அளக்காதீர்கள், வரிசை முழுவதையும் ஓடவிடுங்கள். ரோட்டின் அகலத்தையும் அளந்து, அனுமதி வரைபடத்தில் இருக்கிற அகலம்தானா என்று பாருங்கள்.

அங்கீகாரம் இல்லாத பிரிவு என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவாகி விற்ற மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பிரித்ததை விலை மலிவு என்று வாங்காதீர்கள்.

பக்கத்தில் ஏரி, ஓடை இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டாம், பார்க்க வேண்டும். அ-பதிவேட்டில் பக்கத்து எண்ணின் வகைப்பாட்டைப் படியுங்கள். புறம்போக்கு என்று வந்தால் ஏரியா, ஓடையா, வண்டிப்பாதையா என்று அங்கேயே இருக்கும். புலப்படத்தில் ஓடை இரட்டைக் கோடாகத் தெரியும். தரையில் ஓடை தூர்ந்து, மேலே யாரோ கம்பு விதைத்திருப்பார், ஆனாலும் கணக்கில் அது ஓடைதான். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது, வருடக்கணக்கில் மணலாகக் கிடந்த ஆறு தன் அகலம் எவ்வளவு என்று காட்டிவிட்டுப் போனது. ஆற்றோர நிலம் வாங்குகிறவர்களிடம் நான் அந்த நவம்பரில் எடுத்த படங்களைத்தான் முதலில் காட்டுகிறேன்.

செல்போன் ஆப்பில் நடந்தே அளந்துவிட்டேனே, போதாதா?

போதாது. போன் ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்பின் காட்டும். பத்து ஏக்கர் தோப்பு எவ்வளவு என்று தோராயமாகத் தெரிந்துகொள்ளச் சரி. முப்பதடி மனைக்கு ஆகாது.

கூலி எப்படிப் பேசுவது?

ஒரு நாளைக்கு, ஒரு மனைக்கு, ஒரு ஏக்கருக்கு என்று மூன்று விதமாகப் பேசுவோம். எந்தக் கணக்கு என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கல்லும் நடும் கூலியும் அதில் சேர்த்தியா, பக்கத்துக்காரர் வராமல் வேலை நின்றுபோனால் இரண்டாம் தடவை வர எவ்வளவு, வரைபடம் கையெழுத்தோடு வருமா, கணினிக் கோப்பும் கொடுப்பாரா என்று தெளிவாகப் பேசுங்கள். கோப்பு கையில் இருந்தால் பிளான் போடுகிறவர் திரும்ப அளக்க வேண்டியதில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. மனை அளவு சரி என்று சான்று சொல்வது நீங்கள்தான், அதனால் அளவு தப்பினால் பொறுப்பும் உங்கள் தலையில்தான்.

நான் பெங்களூரில் இருக்கிறேன். வராமலே அளக்க முடியுமா?

முடியும், எழுத்தில் அதிகாரம் கொடுத்து ஒருவரை அனுப்புங்கள். வீடியோ காலில் “இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்” என்று சொல்லிக்கொண்டிருந்தால் எங்களுக்குக் கை ஓடாது.

அளந்து கல் போட்டாயிற்று. அப்புறம்?

அன்றைக்கே ஒவ்வொரு கல்லிலிருந்தும் நகராத மூன்று பொருளுக்கு, கிணற்றுச் சுவர், பனைமரம், கரன்ட் கம்பம் என்று, தூரம் அளந்து ஒரு தாளில் எழுதி பத்திரத்தோடு வையுங்கள். கல் காணாமல் போனாலும் அந்தத் தாளை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

காம்பவுண்டு போடும்போது கொத்தனார் நூல் கட்டும் நேரத்தில் நீங்கள் அங்கே நில்லுங்கள். எல்லை கல்லின் வெளி விளிம்பில் இல்லை, தலையில் இருக்கும் குறியின் வழியாக ஓடுகிறது. நூலை விளிம்பில் கட்டினால் அங்கேயே மூன்று அங்குலம் போய்விட்டது. கடைக்கால், அதாவது அஸ்திவாரம், சுவரைவிட அகலம் என்பதையும் மறக்க வேண்டாம். சுவர் உங்கள் நிலத்துக்குள் நின்று, கீழே கடைக்கால் பக்கத்து மனைக்குள் கால் நீட்டியிருந்தால், அவர் வீடு கட்டக் குழி எடுக்கும் அன்றைக்கு எனக்கு மறுபடியும் போன் வரும்.